கேமரா இருந்தும் தம்பி அடிபட்டான்: பதிவை எப்படிக் கேட்பது?

சென்னை காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி, வழக்கறிஞரான எனக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வழக்கு எண், சிறையின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 34. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தெருக்களில் விற்கிறார். பெற்றோர் இல்லாத வீட்டில் 22 வயதுத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தெருச் சண்டையில் ஒருவருக்கு வெட்டுக்காயம் ஏற்பட்டு, தம்பி மீது கொலை முயற்சி வழக்கு. ரிமாண்ட் ஆன சில நாட்களில் ‘நிர்வாகக் காரணம்’ என்று சொல்லி வெளி மாவட்டச் சிறை ஒன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று 47-ஆவது நாள். கடைசியாக மனு பார்க்க, அதாவது சிறையில் நேர்காணலுக்கு, போனபோது தம்பியின் இடது புருவத்தில் நான்கு தையல், கண் வீங்கியிருந்தது. “குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டேன் அக்கா” என்றானாம், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். அதே பிளாக்கிலிருந்து ஜாமீனில் வந்த ஒரு பையன் பிறகு வீடு தேடி வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். மாலையில் அறைகளைப் பூட்டுவதற்குச் சற்று முன் மூன்று பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். அந்த நடைவழியில் கேமரா உண்டு. சிறை வாயிலில் விசாரித்தபோது, “அந்தக் கேமரா ஓடவில்லை, போம்மா” என்று பதில் வந்திருக்கிறது.

அவர் கேட்பவை: அந்தப் பதிவை வாங்க முடியுமா? எல்லாப் பதிவையும் 18 மாதம் அழிக்காமல் வைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் சொல்கிறார். அப்படியானால் தம்பி வெளியே வந்த பிறகு நிதானமாகக் கேட்கலாமா? 15,000 ரூபாய் கொடுத்தால் சிறிய கைபேசி ஒன்றை உள்ளே சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். ஆபத்து என்றால் தம்பி உடனே கூப்பிடலாமே? வாய்தாவுக்கு ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு அழைத்து வராமல் திரையில் காட்டியே காவலை நீட்டிக்கிறார்களே, இது சரியா? காலில் ஜி.பி.எஸ். கருவி கட்டி வெளியே விடச் சொல்லலாமா? இவற்றுக்கு நடுவில், கேள்வியாகக்கூட எழுதாமல் ஒரு வரி: “புகார் கொடுத்தால் இன்னும் அடிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.”

சகோதரி, உங்கள் கடிதத்தில் இருந்த தேதிகளை எண்ணிப் பார்த்தேன். தம்பி அடிபட்டு அன்றைக்கே பதினோரு நாள் ஆகியிருந்தது. அதனால் இந்தப் பதில் அச்சுக்குப் போகும்வரை காத்திருக்காமல், பதிவு பற்றிய பகுதியை அன்று மாலையே உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

18 மாதம் என்ற நம்பிக்கை

பக்கத்து வீட்டு மாணவர் பொய் சொல்லவில்லை. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அப்படி ஓர் உத்தரவு போட்டது உண்மைதான். ஒலியும் காட்சியும் சேர்ந்து பதிவாக வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும், 18 மாதப் பதிவைச் சேமிக்க வேண்டும், அந்த அளவு வசதி சந்தையில் கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது சேமிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது காவல் நிலையங்களுக்கும், சி.பி.ஐ., அமலாக்கத்துறை போன்ற விசாரணை அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் பிறப்பித்த உத்தரவு. உங்கள் தம்பியைக் கைது செய்த இரவில் ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று நாளை கேள்வி வந்தால் அந்த 18 மாதம் உங்களுக்குப் பயன்படும். சிறையின் நடைவழிக் கேமராவுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சிறைகளுக்கு வேறோர் உத்தரவு உண்டு. காவல் மரணங்கள் தொடர்பான டி.கே. பாசு வழக்கின் தொடர்ச்சியாக 2015 ஜூலை 24 அன்று, எல்லாச் சிறைகளிலும் ஓராண்டுக்குள், தவறினால் இரண்டாண்டுக்குள் கேமரா பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. கேமரா இருப்பது சிறை நிர்வாகம் நமக்குக் காட்டும் சலுகையில்லை, நீதிமன்றம் விதித்த கடமை. ஆகவே “ஓடவில்லை” என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை, பழுது என்று யாருக்கு எப்போது எழுதப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பழுது உண்மையானால் அதற்குக் கடிதம், பதிவேடு, பில் ஏதாவது இருக்கும். எதுவுமே இல்லாமல் சரியாக அந்த மாலை மட்டும் படம் இல்லை என்றால், நீதிபதி கேட்க வேண்டிய கேள்வி தானாக எழும்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அவசரம் ஏன் என்று புரியும். கேமராக்கள் அனுப்பும் காட்சி ஒரு பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் சேர்கிறது. டிஸ்க் நிறைந்ததும் பெட்டி நிற்பதில்லை; மிகப் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதத் தொடங்குகிறது. யாரும் வேண்டுமென்று அழிக்க வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே அழிந்துவிடும். எத்தனை கேமரா, எவ்வளவு தெளிவு, டிஸ்க் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துச் சில வாரங்களிலேயே அது நடந்துவிடலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனுக்குக் கை முறிந்து நான்கு மாதம் கழித்து வந்தார், எலும்பு கூடட்டும் என்று காத்திருந்தாராம். நீதிமன்றம் உத்தரவு கொடுத்தது. சிறையிலிருந்து வந்த பதில் ஒரே வரி: பதிவு இருப்பில் இல்லை. அந்த அம்மாளிடம் அதைப் படித்துச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை.

‘கொடுங்கள்’ என்பதற்கு முன் ‘காத்து வையுங்கள்’

பெரும்பாலான குடும்பங்கள் நேராக வீடியோவைக் கேட்கின்றன. பாதுகாப்பு, பிற கைதிகளின் அந்தரங்கம் என்று காரணம் சொல்லிச் சிறை மறுக்கிறது. அந்த மறுப்பை எதிர்த்து வாதாடும் நேரத்துக்குள் பதிவு போய்விடுகிறது. எனவே முதல் மனுவில் வீடியோவைக் கேட்காதீர்கள். அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதை மறுக்க யாருக்கும் நியாயமான காரணம் கிடைக்காது.

தொலைபேசியில் நான் சொல்லி நீங்கள் எழுதிக்கொண்டது இதுதான்: “இன்ன தேதி மாலை 4 மணி முதல் 7 மணி வரை, இன்ன பிளாக்கின் நடைவழி, நுழைவாயில், சிறை மருத்துவமனைக்குச் செல்லும் வழி ஆகிய இடங்களின் கேமராப் பதிவுகளையும், அன்றைய பிளாக் பதிவேடு, பூட்டு நேரக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு ஆகியவற்றையும் அழியாமல் தனியே எடுத்துப் பாதுகாக்கும்படி வேண்டுகிறேன். நீதிமன்றத்தில் இவற்றைக் கோர இருக்கிறேன்.”

சம்பவம் பத்து நிமிடம்தான், எதற்கு மூன்று மணி நேரம் என்று கேட்டீர்கள். பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடும் என்று நம்ப முடியாது. இருபது நிமிடம் முன்னே பின்னே காட்டுவதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். நாம் குறுகிய நேரத்தைக் கேட்டால், அந்த நேரத்தில் ஒன்றுமில்லை என்று உண்மையாகவே பதில் வரும். மேலும் குளியலறையிலும் கழிவறையிலும் கேமரா இருக்காது. மானத்தைக் கருதி இருக்கவும் கூடாது. அடிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒருவேளை தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்த்தான் அடித்திருந்தாலும், யார் யார் உள்ளே போனார்கள், எவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள், தம்பி எந்த நிலையில் வெளியே வந்தான் என்பதை நடைவழிக் கேமரா சொல்லிவிடும். அடி விழுந்த காட்சியே இல்லாமல் இந்த மூன்றை வைத்துக்கொண்டு வழக்கு நடத்தலாம்.

மனுவைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். சரகத்தின் சிறைத்துறை டி.ஐ.ஜி., ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் மூவருக்கும் நகல் போக வேண்டும். தபால் ரசீது தொலைந்துபோனால் மனுவே கொடுக்காததுபோல் ஆகிவிடும். அதை மனுவின் நகலோடு தைத்து வையுங்கள்.

அடுத்த படி உங்கள் வழக்கறிஞருடையது. ஓர் ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ கொண்டு வரச் சொல்லும் அதிகாரம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவில் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. முன்பு இது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவாக இருந்தது. அது பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் ரிட் மனு. பதிவு வரும்போது வெறும் பென் டிரைவாக வந்தால் போதாது. புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ‘ஹாஷ்’ என்ற எண் குறிக்கப்படும். ஒரு கோப்புக்குக் கைரேகை போன்றது அது. காட்சியில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். பதிவை எடுத்த அன்றே அந்த எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு வெட்டினார்கள், ஒட்டினார்கள் என்ற சண்டைக்கே இடம் இருக்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வீடியோவை, விலக்குகளைச் சொல்லும் 8-ஆவது பிரிவைக் காட்டி மறுக்கவே வாய்ப்பு அதிகம். அந்த பிளாக்கில் எத்தனை கேமரா, எத்தனை ஓடுகின்றன, பதிவு எத்தனை நாள் இருக்கும், பராமரிப்பு யார் பொறுப்பு என்று கேட்டால் அந்தப் பதில்கள் ரிட் மனுவுக்கு வலு சேர்க்கும்.

அந்த 15,000 ரூபாய்

இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்போடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்யாதீர்கள்.

தடை செய்யப்பட்ட பொருளைச் சிறைக்குள் அனுப்புவது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் குற்றம். அனுப்பிய நீங்களும் சிறைக்குப் போக நேரிடும். தம்பியிடம் பிடிபட்டால் உங்கள் மனு பார்க்கும் வாய்ப்பு நிற்கும், தனிப் பிரிவுக்கு மாற்றுவார்கள், அரசுத் தரப்பு ஜாமீனை எதிர்க்க ஒரு புதுக் காரணம் கிடைக்கும். மறைத்து வைத்தால் தெரியாது என்று அந்த ஆள் சொல்வான். அணைத்துப் போட்ட கைபேசியையும், பேட்டரி கழற்றிய கைபேசியையும் அதன் உள்ளிருக்கும் மின்னணுச் சில்லை வைத்தே கண்டுபிடிக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. சுவரில் பதித்தாலும் மண்ணில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. சிறைக்குள் ஒரு கைபேசி ஒருவனுக்கே சொந்தமாக இருப்பதில்லை. 22 வயதுப் பையன், வெளியூர்ச் சிறை, பக்கத்தில் ஆள் இல்லை. அவன் கையில் கைபேசி இருப்பது தெரிந்த மறுநாளே அது பிளாக்கில் வலுவானவன் கைக்குப் போய்விடும். அதன் பிறகு அதிலிருந்து யாரை யார் மிரட்டினாலும் கணக்கு உங்கள் தம்பி பேரில். இரவில் உங்களுக்கே அழைப்பு வரும்: “பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் தம்பி…” என்று. எந்த ஆபத்திலிருந்து அவனைக் காப்பாற்ற அனுப்பினீர்களோ அதே ஆபத்துக்குள் அது அவனை இழுத்துவிடும்.

சட்டப்படியான வழிகள் மெதுவானவை, ஆனால் இருக்கின்றன. சிறையிலேயே தொலைபேசி வசதி உண்டு. உங்கள் எண்ணைச் சரிபார்த்துப் பதிவு செய்ய தம்பி மனு கொடுக்க வேண்டும். மத்திய அரசின் ‘ஈ-முலாகாத்’ இணையதளத்தில் பதிவு செய்து காணொளியில் பார்க்கலாம். 2020-இல் கொரோனாவால் நேர்காணல் நின்றபோது குடும்பங்கள் முகம் பார்த்தது காணொளியில்தான். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்பும் உங்களுக்கு அது ஒருநாள் வியாபாரத்தை மிச்சமாக்கும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: இந்த அழைப்புகள் கேட்கப்படலாம், பதிவாகலாம். யார் அடித்தது என்று அதில் கேட்காதீர்கள். “சாப்பிடுகிறாயா, தையல் பிரித்தார்களா, எந்த பிளாக்கில் இருக்கிறாய்” என்று கேட்டாலே நமக்கு வேண்டியது கிடைக்கும். மற்றதை வழக்கறிஞர் நேரில் தனியாகக் கேட்டுக்கொள்வார்.

திரையில் வாய்தா

நீதிமன்றக் காவலை நீட்டிக்கும்போது நேரிலோ காணொளியிலோ முன்னிறுத்தலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(4) பிரிவு அனுமதிக்கிறது. போலீஸ் காவல் என்றால் ஒவ்வொரு முறையும் நேரில்தான் கொண்டுவர வேண்டும். அங்கே திரைக்கு இடமில்லை. எனவே நடந்தது சட்டவிரோதம் இல்லை.

நீங்கள் இதைப் பெரிய இழப்பாக எழுதியிருக்கிறீர்கள். வாய்தா நாளில் பிராட்வேயில் வேன் நிற்கும் இடத்தில் காத்திருந்து ஒரு நிமிடம் முகம் பார்ப்பது எத்தனை அக்காக்களுக்கும் அம்மாக்களுக்கும் வாழ்வாதாரம்போல என்று எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேன். ஆனாலும் உங்கள் தம்பியின் வழக்கில் அந்தப் பயணமே ஆபத்தானது. எதிர்த்தரப்பும் உங்கள் பகுதிதான். விசாரணைக்கு வந்தவரை நீதிமன்ற வாசலிலேயே வெட்டிக் கொன்ற சம்பவம் 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் நடந்தது. வழிக்காவல் போலீசார் இரண்டு பேர் வரும் நாளைவிடத் திரை நாள் பாதுகாப்பானது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. திரைக்கு முன் நிற்கும் பையனின் பக்கத்தில் சிறைக் காவலர் நிற்கிறார். “ஏதாவது சொல்ல வேண்டுமா” என்று மாஜிஸ்திரேட் கேட்டால் அவன் என்ன சொல்வான்? காணொளிக்கு முன்னும் பின்னும் வழக்கறிஞரோடு தனியாகப் பேசும் உரிமை அவனுக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவில், “முகத்தில் காயம் தெரிகிறது, அதைப் பதிவு செய்ய வேண்டும், சிறைக்கு வெளியே அரசு மருத்துவமனையில் பரிசோதிக்க வேண்டும், ஒருமுறை நேரில் முன்னிறுத்த வேண்டும்” என்று உங்கள் வழக்கறிஞர் மெமோ போடட்டும். திரையில் தெரியும் தையலை மாஜிஸ்திரேட் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது.

காலில் ஜி.பி.எஸ். பற்றியும் கேட்டீர்கள். 2023-இல் மத்திய அரசு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டத்தில், கைதி சம்மதித்தால் கண்காணிப்புக் கருவியோடு விடுப்பில் அனுப்பும் யோசனை இருக்கிறது. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாதிரி என்பது மாநிலத்தைக் கட்டாது. இன்னொரு பக்கம், ஜாமீனில் விட்டவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் பின்தொடரும்படி நிபந்தனை போடக் கூடாது என்று ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்காத விலங்கை நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

எழுதினால் அடிப்பார்களா?

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். பயப்படாதீர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பயப்படக் காரணம் இருக்கிறது.

கேமரா இருந்தாலே பாதுகாப்பு என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள், “இத்தனை கோடி செலவு செய்து மாட்டிவிட்டு” என்று கோபமாக எழுதியிருந்தீர்கள். 2023 மே மாதம் தில்லி திகார் சிறையில், கேமராக்கள் நிறைந்த பகுதியில், விசாரணைக் கைதி ஒருவரை மற்றவர்கள் குத்திக் கொன்றார்கள். எல்லாம் தெளிவாகப் பதிவானது. காவலர்கள் பக்கத்திலேயே இருந்தும் தடுக்காததும் பதிவானது. அங்கே காவல் பணியில் இருந்த நம் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் சிலர் அதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நம் மாநிலத்திலேயே 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் கொல்லப்பட்டார். திரைக்கு முன் விழித்திருக்கும் ஆள் வேண்டும், பார்த்ததும் ஓடிவரும் தூரத்தில் காவலர் வேண்டும், ஓடிவராவிட்டால் கேள்வி கேட்கச் சிறைக்கு வெளியே ஒருவர் வேண்டும். வடசென்னைக்காரர்களான நமக்கு இது புதிதில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய மத்திய சிறையில் 1999 நவம்பரில் வெடித்த கலவரத்தில் சிறை அதிகாரி ஒருவரும் கைதிகள் பலரும் உயிரிழந்தார்கள். அந்த நாளின் செய்தி பரவியபோது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வீட்டு வாசல்களில் நின்ற பெண்களை என் தலைமுறை வழக்கறிஞர்கள் மறக்க மாட்டார்கள்.

அதனால்தான் வெளியே இருக்கும் அந்த ஒருவராக நீங்கள் இருந்தாக வேண்டும் என்கிறேன். என் அனுபவத்தில் அடி தொடர்வது கேட்க ஆளில்லாத பையனுக்குத்தான். நான்கு அலுவலகங்களுக்கு மனு போன பிறகு, அந்தப் பையனுக்கு மறுபடி ஏதாவது நடந்தால் தன் தலையில் விழும் என்பது கண்காணிப்பாளருக்குத் தெரியும். மனுவை உங்கள் பெயரிலேயே கொடுங்கள். “நான் சொல்லவில்லை, அக்கா காயத்தைப் பார்த்து எழுதிவிட்டாள்” என்று சொல்லித் தப்பிக்கத் தம்பிக்கு ஒரு வழி இருக்கட்டும். ஜாமீனில் வந்து சொன்ன பையனின் பெயரை எதிலும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஒருவரிடமும் சொல்லாதீர்கள். அவனும் நாளை அதே சிறைக்குத் திரும்ப நேரலாம்.

சிறைக்குள் நடந்த சித்திரவதை பற்றி ஒரு கைதி எழுதி அனுப்பிய கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்தது உச்ச நீதிமன்றம். சுனில் பத்ரா வழக்கு, 1979 டிசம்பர் தீர்ப்பு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. இப்போதைய வழக்கறிஞருக்கு வெளி மாவட்டச் சிறைக்குப் போய்வர முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சிறை வருகை வழக்கறிஞரை அனுப்பச் சொல்லுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

“எங்கள் ஆட்கள் இருக்கும் பிளாக்குக்கு மாற்றச் சொல்லலாமா” என்ற கேள்விக்கு: சாதியை வைத்துக் கைதிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிக் கேட்டால் உங்கள் மனுவே அடிபடும். இன்னாரோடு, இன்னாருடைய கூட்டாளிகளோடு முன்விரோதம், அவர்களிடமிருந்து பிரித்து வையுங்கள் என்று ஆபத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். புழல் சிறைக்கு மாற்றக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2006 முதல் சென்னைப் பகுதிக் கைதிகள் அடைக்கப்படுவது அங்கேதான். விசாரணைக் கைதிகளுக்குத் தனிச் சிறையே இருக்கிறது, உங்களுக்கும் அருகில். ஆனால் எதிர்த்தரப்பின் ஆட்களும் பிடிபட்டால் அங்கேதான் வருவார்கள். தம்பியிடம் வழக்கறிஞர் தனியாகக் கேட்காமல் இந்த மனுவைப் போடாதீர்கள். தனி அறையில் வைக்கச் சொல்லிக் கேட்பதும் அப்படித்தான். பாதுகாப்பு என்ற பெயரில் நாள் முழுதும் தனியே பூட்டி வைத்தால் அந்த வயதுப் பையன் உடைந்துபோவான்.

60 நாள் கணக்கு

கடைசிப் பக்கத்தில், “இன்னும் 13 நாளில் 60 நாள் முடிகிறது, தானாக வந்துவிடுவான்” என்று எழுதியிருக்கிறீர்கள். காயம் ஏற்பட்ட கொலை முயற்சி வழக்கில் ஆயுள் தண்டனை வரை விதிக்க வாய்ப்பு உண்டு என்பதால் 60 நாள் பொருந்தாது, 90 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உங்கள் கடிதத் தேதியிலிருந்து மீதி 43 நாள். தானாகவும் நடக்காது. 90 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் அதைக் காரணம் காட்டி ஜாமீன் கேட்கும் மனு மறுநாள் காலையே நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். மனு காலையில் போய், குற்றப்பத்திரிகை மதியம் வந்தால் ஜாமீன் உரிமை நிலைக்கும். முந்திக்கொண்டு குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போய்விடும்.

ஜாமீன் உத்தரவு கிடைத்ததும் அதை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காகிதத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் வெளி மாவட்டத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஜாமீன்தாரர்கள் நேரில் வர வேண்டும். இப்போதே இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள், ரேஷன் அட்டை, ஆதார், இருப்பிடச் சான்று மூன்றையும் நகல் எடுத்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். 91-ஆவது நாள் எந்தத் தேதி என்று வழக்கறிஞரிடம் கேட்டு வீட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். அன்றைக்கு ஏலத்துக்குப் போக வேண்டாம். ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வாசலில் பத்து மணிக்கு இருங்கள்.